எறும்பு என்று அக்கா சொன்னபோது

“நெஞ்சுக்குள்ள எறும்பு கூடு கட்டுது தம்பி.” அக்கா இதை முதன்முதலில் என்னிடம் சொன்னது 2022 ஆகஸ்ட் மாதம், மனநல வார்டில் அவளைச் சேர்த்து மூன்றாம் நாள். நான் கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பிஸ்கட் பைக்கற்றும் சவர்க்காரமும் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் இடது பக்கத்தைச் சட்டைக்கு மேலால் உள்ளங்கையால் அமத்திப் பிடித்திருந்தாள். “சரி அக்கா, மருந்தை ஒழுங்காக் குடி, எறும்பெல்லாம் போயிடும்” என்று சொல்லிவிட்டுக் வாவியைக் கடக்கிற கடைசி மிதவையைப் பிடிக்க ஓடினேன். எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்ட் என்று இதில் எழுத மாட்டேன். அங்கே இருந்தவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அந்த எறும்பைப் பற்றி முதலில் கேள்விப்பட்டவன் நான். தட்டிக் கழித்தவனும் நான்தான்.

நாங்கள் மட்டக்களப்பில் மண்டூர்ப் பக்கம். படுவான்கரை, வாவியின் மேற்குக் கரை. எனக்குக் களுவாஞ்சிக்குடியில் ஒரு போட்டோகொப்பிக் கடை இருக்கிறது. காலையில் மோட்டார் சைக்கிளைப் பாதையில் ஏற்றிக் குருமண்வெளியில் இறங்கி, கடையைத் திறந்து, பின்னேரம் அதே பாதையில் திரும்புவேன். பாதை என்று நாங்கள் சொல்வது வாவியைக் கடக்கிற மிதவை. வெளியூர்க்காரருக்கு இது வேடிக்கை. இரவில் ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு அக்கரையைப் பார்த்து நிற்கிறவனுக்கு வேடிக்கையில்லை. அக்காவுக்கு அப்போது வயது 47. கல்யாணம் செய்யவில்லை. 1990க்குப் பிறகு அவள் பழைய அக்கா இல்லை. அந்த வருசம் யுத்தத்தில் எங்கள் பக்கம் நடந்ததை இங்கே எழுத வரவில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். மனச்சிதைவு என்று கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கிறார்கள். மருந்தை ஒழுங்காகக் குடித்தால் அவளைப் போல ஓர் ஆள் கிடையாது. பன் பாய் இழைத்தால் ஊரில் யாருடைய பாயும் பக்கத்தில் வைக்க முடியாது. அப்படி ஆறு வருசம் வார்ட்ப் பக்கமே போகாமல் இருந்தாள்.

2022இல் நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்து எல்லாம் குழம்பியது. கிளினிக்கில் அவளுடைய மாத்திரை முடிந்துவிட்டது, வெளியில் வாங்குங்கள் என்றார்கள். பார்மசியில் ஒரு நாள் இருக்கும், மறுநாள் இருக்காது. இருந்தால் விலை மூன்று மடங்கு. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் பெற்றோல், அதுவும் கியூஆர் காட்டி. அந்த நேரம் நான் ஒரு கெட்டித்தனம் செய்தேன். மாத்திரையைப் பாதியாக உடைத்து ஒரு மாத மருந்தை இரண்டு மாதத்துக்கு இழுத்தேன். பாதி மருந்து ஒன்றும் இல்லாததை விட மேல் என்று நினைத்தேன். ஜூலை முடிவதற்குள் அக்கா நித்திரை இல்லாமல் இரவிரவாகக் கிணற்றடியில் நின்று கதைக்கத் தொடங்கிவிட்டாள். பிறகு ஒரு டொக்டர் சொன்னார், மருந்து இல்லை என்று அன்றைக்கே வந்து சொல்லியிருந்தால் கையிருப்பில் இருந்த வேறொரு மாத்திரைக்கோ மாதம் ஒருமுறை போடுகிற ஊசிக்கோ மாற்றியிருப்போம் என்று. மருந்து தட்டுப்பட்டால் வீட்டில் கணக்குப் போடாதீர்கள், கிளினிக்குக்கு ஓடுங்கள்.

வார்ட் பெண்கள் வார்ட், ஆண்கள் கூட நிற்க முடியாது. என் மனைவிக்கு அப்போது இளையவன் கைக்குழந்தை. ஆகவே 24 நாட்களும் அக்கா தனிய இருந்தாள், நான் பார்வையாளர் நேரத்துக்குப் போய் வந்தேன். ஆறாம் நாள் போனபோது நெற்றியில் கோழிமுட்டை அளவு வீக்கம். கேட்டால், “ராத்திரி பாத்ரூமில விழுந்திட்டா, ஒண்டுமில்ல” என்றார் மிஸி, வார்டுத் தாதி. முதல் நாள்தான் மருந்தைக் கூட்டியிருக்கிறார்கள். பாத்ரூம் நிலம் ஈரம், அங்கே பல்ப் எரியவில்லை. டிக்கட்டில், அதாவது நோயாளியின் வார்ட் குறிப்பேட்டில், என் போன் நம்பர் இருந்தது, ஒருவரும் எடுக்கவில்லை. தலையில் அடிபட்டதற்கு என்ன பார்த்தீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் அக்காவை வேறு மாதிரி நடத்துவார்களோ என்ற பயம். நியாயத்தையும் சொல்ல வேண்டும்: முப்பதுக்கு மேற்பட்ட ஆட்களுக்கு இரவில் ஒரு மிஸியும் ஓர் அட்டெண்டனும்தான் நான் கண்டது.

இப்போது என்றால் இப்படிச் செய்வேன். மருந்தைக் கூட்டினாலோ மாற்றினாலோ எனக்குச் சொல்லுங்கள் என்று முதல் நாளே கேட்பேன். இந்த மருந்துகள் பல, எழும்பி நிற்கும்போது பிரஷரைச் சடாரென்று இறக்கும். அதனால் கட்டிலில் கொஞ்சம் இருந்துவிட்டு எழும்பச் சொல்லி நோயாளிக்கும் பக்கத்துக் கட்டில்காரிக்கும் சொல்லி வைப்பேன். வழுக்காத செருப்பு ஒரு சோடி வாங்கிக் கொடுப்பேன். அது 900 ரூபா. விழுந்தால் டொக்டர் பார்த்து டிக்கட்டில் எழுதினாரா என்று மரியாதையாக, ஆனால் விடாமல் கேட்பேன். ஒவ்வொரு நாளும் என்ன கேட்டேன், யார் என்ன சொன்னார் என்று ஒரு சின்னக் கொப்பியில் திகதியோடு எழுதுவேன். கொப்பியைக் கையில் வைத்திருக்கிற ஆளோடு எல்லாரும் கொஞ்சம் கவனமாகத்தான் கதைக்கிறார்கள், இதைப் பிறகு கண்கூடாகப் பார்த்தேன்.

எறும்புக்கு வருகிறேன். அக்கா அதை வார்டில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். டொக்டருக்கு, மிஸிக்கு, கூட்ட வருகிற அம்மாவுக்கு. வீட்டுக்கு விடும்போது தந்த டயக்னோசிஸ் கார்டில் அதை “டக்டைல் ஹலூசினேஷன்” என்று எழுதியிருந்தார்கள், உடம்பில் ஏதோ ஊருவதாகத் தோன்றும் பொய் உணர்வு. அப்படி ஒரு அறிகுறி இருப்பது உண்மைதான், டொக்டர் கற்பனை பண்ணி எழுதவில்லை. இன்னொன்றும் நடந்தது. அக்காவின் சட்டை ஒரு பக்கம் நனைந்திருப்பதாக மிஸி ஒருவர் சொல்ல, இளம் டொக்டர் ஒருவர் எனக்கு விளங்கப்படுத்தினார்: அவள் குடிக்கிற ரிஸ்பெரிடோன் உடம்பில் புரோலக்டின் என்ற ஹோர்மோனைக் கூட்டும், பிள்ளை பெறாதவர்களுக்கும் பால் கசியலாம், பயப்படத் தேவையில்லை. அதுவும் உண்மை. நான் தலையாட்டினேன். ஆனால் மருந்தால் வருகிற கசிவு அனேகமாக இரண்டு பக்கமும் வரும், பால் போல இருக்கும். ஒரே பக்கம், அதுவும் நிறம் மாறிக் கசிந்தால் கட்டாயம் பார்க்க வேண்டும். யாராவது அந்தச் சட்டையை விலக்கிப் பார்த்தார்களா? இல்லை. ஆண் டொக்டர் பார்ப்பதென்றால் மிஸி ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும், மிஸிக்கு நேரம் இல்லை. எனக்கோ வெட்கம். சொந்த அக்காவின் மார்பைப் பாருங்கள் என்று ஒரு தம்பி எப்படிச் சொல்வது? ஒரே வசனம்தான், “பெண் டொக்டர் ஒருவர் அக்காவின் நெஞ்சைப் பார்த்தால் நல்லது.” அதைச் சொல்ல எனக்கு ஆறு மாதம் பிந்தியது.

மனநோய் இருக்கிற ஒருவர் உடம்பைப் பற்றிச் சொன்னால் அதை மனநோயின் கணக்கிலேயே எழுதிவிடுவது எங்கள் ஊரில் மட்டும் நடப்பதில்லை என்று பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டேன். கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களை விட 10 முதல் 20 வருசம் முந்திச் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் பெரும்பகுதி தற்கொலை இல்லை, நெஞ்சு வருத்தம், நீரிழிவு போன்ற உடம்பு வருத்தங்கள். எறும்பு, பாம்பு, கரண்ட் அடிக்குது, யாரோ ஊசி குத்துறான், இவை எல்லாம் அவர்களிடம் இருக்கிற சொற்கள். நோகிற இடத்தைக் காட்ட வேறு சொல் அவர்களுக்கு வராமல் இருக்கலாம். சொல்லை விட்டுவிட்டுக் கை எங்கே போகிறது என்று பாருங்கள். அக்காவின் கை ஒவ்வொரு முறையும் இடது பக்கத்துக்கே போனது. எறும்பு ஒரு நாளும் வலது பக்கத்துக்கு மாறவில்லை.

2023 பெப்ரவரியில் ஒரு காலை, கிணற்றடியில் அக்காவுக்கு முழுக வார்த்துக்கொண்டிருந்த என் மனைவி ஓடி வந்தாள். “மச்சாளின்ர சட்டையில ரத்தம்.” உள்ளே கூட்டிப்போய் அவள்தான் பார்த்தாள். எலுமிச்சம்பழத்தை விடப் பெரிய கட்டி. மேல் தோல் தோடம்பழத் தோல் மாதிரிப் பள்ளம் பள்ளமாக இருந்ததாம். மனைவி அன்று சோறு சாப்பிடவில்லை. அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “நான் சொன்னன்தானே” என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவள் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்போம் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. மாமி ஒருவர், கத்தி வைத்தால் பரவிவிடும் என்றார். பரிசாரியார் ஒருவர் எண்ணெய் போட்டால் கட்டி உடைந்து போகும் என்றார். 12,000 ரூபாவும் மூன்று கிழமையும் அங்கே போனது. போட்டோகொப்பிக் கடைக்காரன், நாலு பேப்பர் வாசிக்கிறவன், நான்தான் அந்த எண்ணெய்ப் போத்தலைப் பாதையில் பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பயம் வந்தால் மனிதன் யார் முதலில் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்கிறாரோ அவரிடம்தான் போகிறான்.

முன்கூட்டியே இதைப் பிடித்திருக்க வழி இருந்ததா? இருந்தது. எம்.ஓ.எச். ஒபிஸ்களில், அதாவது சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகங்களில், சுகவனிதையர் கிளினிக் என்று நடக்கிறது, வெல் வுமன் கிளினிக் என்றால் எல்லாருக்கும் விளங்கும். மார்பைப் பரிசோதிப்பார்கள், கர்ப்பப்பை வாய்ச் சோதனை செய்வார்கள், பிரஷர், சீனி பார்ப்பார்கள், எல்லாம் இலவசம். 35 வயதிலும் 45 வயதிலும் வரச்சொல்லிக் கூப்பிடுவார்கள். என் மனைவிக்குக் குடும்பநல மிஸி வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். அதே வீட்டுத் திண்ணையில் பாய் இழைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் சொல்லவில்லை. மிஸியின் கொப்பியில் கர்ப்பிணிகள், குழந்தைகள், கல்யாணம் செய்த பெண்கள். கல்யாணம் செய்யாத, விசர் என்று ஊர் பெயர் வைத்த ஒரு பெண் எந்தப் பக்கத்திலும் இல்லை. மிஸியைக் குறை சொல்லி என்ன, எனக்கே தோன்றவில்லையே. உங்கள் வீட்டில் இப்படி ஓர் அக்காவோ சித்தியோ இருந்தால் கூப்பிடும்வரை பார்த்திராதீர்கள், நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.

மார்ச் 7ஆம் திகதி முதல் சத்திரசிகிச்சைக் கிளினிக். ஸ்கான், மெமோகிராம், பிறகு ஊசியால் சதை எடுக்கிற பயொப்சி. இடையில் சித்திரைப் புத்தாண்டு வந்தது. பிறகு பயொப்சி ரிப்போர்ட் காணாமல் போனது. ஓர் இடத்தில் அனுப்பிவிட்டோம் என்றார்கள், மற்ற இடத்தில் வரவில்லை என்றார்கள். அந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் நான் 19 நாள் நடந்தேன். அனுப்பிய துண்டுச்சீட்டின் இலக்கத்தை எழுதி வைத்திருந்தால் ஒரு நாளில் தேடியிருக்கலாம் என்று லாப் பொடியன் சொன்னபோது எனக்கு என் மெஷினை உடைக்க வேண்டும் போல இருந்தது. ஊருக்கெல்லாம் அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் கொப்பி அடித்துக் கொடுக்கிற நான், அக்காவின் துண்டுகளில் ஒன்றையும் கொப்பி எடுக்கவில்லை. ஆகவே: கையில் வருகிற எந்தத் துண்டானாலும் போனில் ஒரு படம், கடையில் ஒரு கொப்பி. மாதிரி இலக்கம், திகதி, யார் வாங்கினார் எல்லாம் கொப்பியில். மே 19ஆம் திகதி முடிவு கையில் வந்தது. மார்புப் புற்றுநோய், மூன்றாம் கட்டம், கமக்கட்டுக் கழலைகளிலும் இருந்தது. முதல் கீமோ ஜூன் 6. எறும்பு என்று அவள் சொன்னதில் இருந்து எண்ணினால் பத்து மாதம்.

புற்றுநோய்க் கிளினிக் வாங்கில் எங்களுக்குப் பக்கத்தில் டவுனில் இருந்து ஒரு அம்மா வருவார், ஓய்வு பெற்ற வங்கி உத்தியோகத்தர். அக்காவின் வயதை விடப் பத்து வயது கூட. மகள் வெளிநாட்டில் இருந்து போன் எடுத்து, வருசா வருசம் மெமோகிராம் எடுக்கச் சொல்வாளாம். சுண்டங்காய் அளவில் பிடித்து, தனியாரில் எல்லாச் சோதனையும் மூன்று கிழமைக்குள் முடித்து, கட்டியை மட்டும் எடுத்தார்கள், கீமோ கூடத் தேவைப்படவில்லை. நல்ல மனிசி, அக்காவுக்குத் தோடம்பழம் கொண்டு வந்து தருவார். எனக்கு அந்த அம்மாவைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது, பிறகு பொறாமைப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது. மார்புப் புற்றுநோய் வந்தவர்களில் ஐந்து வருசம் தாண்டுகிறவர்கள் பணக்கார நாடுகளில் 90 வீதத்துக்கு மேல், இந்தியாவில் 66 வீதம், தென்னாபிரிக்காவில் 40 வீதம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நாட்டுக்கு நாடு போட்ட அந்தக் கணக்கை நான் ஒரே வாங்கில் பார்த்தேன். அதே வாங்கில் வாகரையில் இருந்தும் பொத்துவிலில் இருந்தும் விடியப்புறம் பஸ் ஏறி வந்து தூங்கி விழுகிற பெண்களும் இருந்தார்கள்.

கீமோவில் முதல் நாலு முறையும் ஏற்றியது சிவப்பு மருந்து. அது உள்ளே போனால் ஒன்றிரண்டு நாளைக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும். எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. நஞ்சு வைக்கிறார்கள் என்று இருபது வருசமாகப் பயந்து வாழ்கிற ஒருத்திக்கு மூத்திரம் இரத்தமாகப் போனால் என்ன நடக்கும்? அக்கா வார்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். மனநோயாளியைத் தனிய வைக்க முடியாது, பெண் ஆள் ஒன்றை நிற்பாட்டுங்கள் என்று முதலே சொல்லியிருந்தார்கள். நான் இரவுக்கு 2,500 ரூபா கொடுத்து ஒரு அம்மாவை நிற்பாட்டியிருந்தேன். அந்த அம்மா பயந்து வெளியே வந்துவிட்டார். கதவைத் திறக்க வைத்தவர் ஓட்டமாவடியில் இருந்து தன் உம்மாவோடு வந்து நின்ற ஒரு ராத்தா. கதவில் வாயை வைத்து, “தங்கச்சி, என்ட உம்மாவுக்கும் இப்பிடித்தான் சிவப்பாப் போச்சு, ரெண்டு நாளையில வெள்ளையாகிடும், வந்து உம்மாட்டயே கேளுங்க” என்று அரை மணித்தியாலம் சொல்லிக்கொண்டிருந்தாராம். அக்கா வெளியே வந்து, நேரே அந்த உம்மாவிடம் போய்க் கேட்டாளாம். உம்மா ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு அக்காவின் கீமோ திகதியும் அந்த உம்மாவின் திகதியும் ஒன்றாக விழுந்த நாட்களில் ராத்தாவே அக்காவையும் பார்த்துக்கொண்டார். காசு கொடுக்கப் போக, “என்ன தம்பி கதை இது” என்று ஏசினார்.

அந்த முதல் கீமோவுக்குப் பிறகு மூன்று இரவு அக்கா கண் மூடவில்லை. மறுபடியும் கிணற்றடிக் கதை தொடங்கியது. நான் பயந்துபோய் மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அங்கேதான் எங்களுக்கு விடிந்தது என்று சொல்ல வேண்டும். மனநல வைத்திய அதிகாரி ஒருவர், பெண், என் கொப்பியை முதல் பக்கத்தில் இருந்து வாசித்தார். கீமோவோடு கொடுக்கிற டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொய்ட் நித்திரையைக் கெடுக்கும், சிலருக்கு மனநோயைக் கிளப்பியும் விடும் என்றார். ரிஸ்பெரிடோனை மெதுவாகக் குறைத்து ஒலன்சபினுக்கு மாற்றினார். அது புரோலக்டினை அந்தளவு கூட்டாது, அதோடு கீமோ வாந்தியையும் அடக்குமாம். புற்றுநோய் டொக்டருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி, போனிலும் கதைத்தார். அந்தக் கடிதத்துக்குப் பிறகு ஸ்டீரொய்டைக் குறைத்து, காலையில் மட்டும் கொடுத்தார்கள். அக்கா நித்திரை கொண்டாள்.

இரண்டு கிளினிக்கும் ஒரே ஆளின் உடம்பைத்தான் பார்க்கிறது, ஆனால் ஒன்றுக்கொன்று தெரியாது. தெரியப்படுத்துகிற தபால்காரன் நீங்கள்தான். ஒரே தாளில் எல்லா மருந்தின் பெயரும் அளவும் எழுதி இரண்டு பக்கத்திலும் காட்டுங்கள். குறிப்பாக உங்கள் ஆள் குளோசபின் என்ற மனநோய் மாத்திரை குடிக்கிறார் என்றால் கீமோ தொடங்க முன்னமே இரண்டு டொக்டர்மாரும் கதைக்க வேண்டும். குளோசபினும் வெள்ளை அணுவைக் குறைக்கக்கூடியது, கீமோவும் குறைக்கும். அதற்காக நீங்களாகக் குளோசபினை நிறுத்தவும் கூடாது. தமொக்சிபென் என்ற மார்புப் புற்றுநோய் மாத்திரை குடிக்கிறவருக்கு மனச்சோர்வு மாத்திரை கொடுத்தால், புளுவொக்ஸெடினா, பரொக்ஸெடினா என்று பெயரைப் பார்த்துக் கேளுங்கள். அவை தமொக்சிபென்னின் வேலையைக் குறைக்கலாம், வேறு மாத்திரைகள் இருக்கின்றன.

இவ்வளவு தெரிந்த பிறகும் ஒரு பிழை விட்டேன். நவம்பரில் ஒப்பரேஷனுக்குச் சேர்த்தபோது மருந்துத் தாளை வீட்டில் விட்டுவிட்டேன். புதிய டிக்கட்டில் ஒலன்சபின் ஏறவில்லை. நாலு நாள் மருந்து இல்லாமல் இருந்திருக்கிறாள், நாலாம் நாள் சேலைன் ஊசியைப் பிடுங்கிவிட்டாள் என்று போன் வந்தபோதுதான் எனக்குத் தெரியும். கைகளைக் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள். மணிக்கட்டில் சிவந்த வரி. நான் அவிழ்க்கச் சொல்லிச் சண்டை போடவில்லை, தாளை எடுத்துவர வீட்டுக்கு ஓடினேன். பாதையில் நிற்கும்போது அழுதேன். மாத்திரை கொடுத்து இரண்டாம் நாள் கட்டை அவிழ்த்தார்கள். முறைப்பாடு எழுதினேன், கொப்பி கூட எடுத்தேன், கொடுக்கவில்லை. அவள் திரும்பவும் அதே கட்டிலுக்குத்தான் வர வேண்டும் என்று நினைத்தேன். அந்தக் கடிதம் இன்றும் கடை லாச்சியில் கிடக்கிறது.

ஒப்பரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்தை என்னிடம்தான் நீட்டினார்கள், “இவவுக்கு விளங்காது, நீங்க வையுங்க” என்று. பேனையைக் கையில் எடுத்துவிட்டேன். மயக்க மருந்து கொடுக்கிற இளம் டொக்டர் பிள்ளை ஒன்று, “அவவிட்டயே ஒருக்காக் கேட்டுப் பாப்பம்” என்று கட்டிலில் இருந்தது. நாளைக்கு என்ன நடக்கப் போகுது அக்கா என்று கேட்டது. அக்கா, “எறும்புக் கூட்டை வெட்டி எடுக்கப் போறாங்க” என்றாள். பிறகு யோசித்து, “மற்றப் பக்கத்தை விடுவாங்களா?” என்று கேட்டாள். மற்றப் பக்கம் நல்லா இருக்கு, அதைத் தொட மாட்டம் என்றது அந்தப் பிள்ளை. “வெட்டாட்டி?” “கூடு பெரிசாகும் அக்கா, மற்ற இடத்துக்கும் போகும்.” “அப்ப வெட்டுங்க.” பேனையை என் கையில் இருந்து வாங்கி, தன் முழுப் பெயரையும் எழுத்துக் கூட்டி எழுதினாள். கொஞ்ச நேரம் எடுத்தது, யாரும் அவசரப்படுத்தவில்லை. மனநோய் இருப்பதால் மட்டும் ஒருவருக்கு முடிவெடுக்க முடியாது என்று ஆகிவிடாது என்பதை நான் அன்றைக்குத்தான் அறிந்தேன். அதற்கு முன்பு எத்தனை தாளில் அவளைக் கேட்காமல் கையெழுத்து வைத்தேனோ.

காசுக் கணக்கு. வெளியில் செய்த சோதனைகள் 41,000. வெளியில் வாங்கிய மருந்து 63,000. வான் பிடித்தது 14 முறை, 91,000, பெற்றோல் லீற்றர் 400ஐத் தொட்ட வருசம் அது. இரவில் நிற்க ஆளுக்கு 17 இரவு, 42,500. கதிர்ச் சிகிச்சை 15 நாள், சனி ஞாயிறு இல்லாமல், தினமும் வாவி கடந்து வர முடியாது என்று டவுனில் ஓர் அறை எடுத்தது 18,000. பரிசாரியார் 12,000. கூட்டினால் 267,500 ரூபா. கடை பூட்டியது 74 நாள், அதை நான் கூட்டவில்லை. மனைவியின் சங்கிலி இன்னும் அடகில். கீமோ, ஒப்பரேஷன், கதிர் எல்லாம் அரசாங்கம் இலவசமாகத்தான் செய்தது, அதை மறக்கக் கூடாது. அந்த இலவசம் இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேரத்தான் இவ்வளவும். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் புற்றுநோயாளிக்கான மாதாந்த உதவிக்கு எழுதலாம், ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கும் இப்போது கொழும்புக்கு அலையாமல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பம் கொடுக்கலாம். செலவு முடிந்த பிறகு போனால் பற்றுச்சீட்டைக் காட்டி அழத்தான் முடியும், ஆகவே நோய் உறுதியான கிழமையே போங்கள். எனக்கு இதைச் சொன்னவர் என் கடைக்கே விண்ணப்பப் படிவம் கொப்பி எடுக்க வந்த ஒரு மனிசன்.

இப்போது அக்கா தமொக்சிபென் குடிக்கிறாள், ஐந்து வருசம் குடிக்க வேண்டும். ஒரு பக்கம் கை கொஞ்சம் வீங்கும், ஆகவே பாய் இழைப்பதைக் குறைத்துவிட்டாள். எறும்பைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. போன மாதம் ஒரு காலையில், “முதுகில யாரோ குத்துறான் தம்பி” என்றாள். எனக்குக் கால் நடுங்கியது. எலும்புக்குப் போனால் முதுகு நோகலாம் என்று கிளினிக்கில் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். கடையைத் திறக்கவில்லை. மனைவியைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கே போனோம், முதுகைப் பார்க்கச் சொன்னேன், எக்ஸ்ரே எடுத்தார்கள், பிறகு ஸ்கானும் எடுத்தார்கள். இரண்டு நாளும் 7,800 ரூபாவும் போனது. ஒன்றும் இல்லை என்றார் டொக்டர். வீட்டுக்கு வந்து மனைவி அக்காவின் கட்டில் மெத்தையைத் தூக்கிப் பார்த்தாள். பலகையில் ஓர் ஆணி அரை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சுத்தியல் எடுத்து வந்து அடித்து இறக்கினேன். அக்கா பக்கத்தில் நின்று, இன்னும் ஒரு தரம் அடி என்றாள்.